உழைச்செல்வார்

மருந்து என்றால் புட்டியில் அடைத்த நீரும் தாளில் மடித்த பொடியுமே என்று பலரும் கருதுகின்றனர். திருவள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒருவன்; நோயைத் தீர்ப்பவன் ஒருவன்; மருந்து ஒன்று; நான்காவதாக நிற்பவன் உழைச்செல்வான். மாணவர்களே, இந்த நான்காவது சொல்லருகில் சற்றே நின்று செல்லுதல் வேண்டும். உழை என்பதற்கு உழைப்பு என்று பொருள் எழுதிய மாணவரை யான் ஆசிரியனாய் இருந்த காலத்தில் ஆண்டுதோறும் கண்டதுண்டு. இங்கே உழை என்பது பக்கம், அருகிடம் என்னும் பொருளது. நோயாளியின் பக்கத்தே இருந்து மருந்தூட்டி, உடல் துடைத்து, வேண்டுவன செய்பவனே உழைச்செல்வான். பொருளைப் பிழையாக எழுதிய அம்மாணவரும் உண்மையை விட்டு நெடுந்தொலைவு சென்றுவிடவில்லை என்றே இப்போது தோன்றுகிறது.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு உறுப்புகளுக்கும் நந்நான்கு இயல்புகளைக் கூறுகிறார். உழைச்செல்வானுக்கு அவர் கூறுவன இவை: நோயாளியிடத்து அன்பு வேண்டும், நினைவும் சொல்லும் உடலும் தூயனவாக இருத்தல் வேண்டும், மருத்துவன் சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஆற்றல் வேண்டும், அறிவு வேண்டும். இப்பட்டியலில் குறை சொல்ல இடமில்லை. ஆயினும் இஃது உழைச்செல்வானிடம் நாம் எதிர்பார்ப்பவற்றின் பட்டியலே ஆகும். அவனுக்கு நாம் கொடுக்க வேண்டுவன யாவை என்னும் வினா இங்கே எழவில்லை. உரையாசிரியர் காலத்தில் அவ்வினா எழாமற்போனதில் வியப்பில்லை. நம் காலத்தில் அஃது எழுந்தே தீர வேண்டியதாயிற்று.

இந்நாளில் இப்பணியைச் செய்வோரைச் செவிலியர் என்கிறோம். பழைய சொல்லுக்குப் புதிய பணி கொடுத்தது நல்ல செயலே. அகப்பாடல்களில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், தோழியைப் பெற்றவள். தலைவி தலைவனோடு ஊரை நீங்கிய பின்னர்ப் பாலை வழியில் அவளைத் தேடிச் செல்பவளும் இச்செவிலியே. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகைப் பாட்டொன்றில், நடையால் தன் கால்கள் தளர்ந்ததையும், வழியிற் செல்வோரை உற்று நோக்கியே தன் கண்களின் ஒளி குன்றியதையும் அவள் தானே எடுத்துரைக்கிறாள். செவிலியின் களைப்பைச் செவிலியின் வாயாலேயே சொல்ல வைத்த அப்புலவரின் நுண்ணுணர்வை என்னென்பது! தேடும் அன்புக்கும் கால் ஓயும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் கொங்கு நாட்டுக்குக் கொள்ளைநோய் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் என்னும் நோய் கோவையைப் பலமுறை வருத்தியது. அந்நோயின் பெயராலேயே வழங்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நகரில் உள்ளன. 1918இல் வந்த நச்சுக் காய்ச்சலும் நாடெங்கும் எண்ணற்ற உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழிந்து, கொரோனா என்னும் நுண்கிருமியால் வரும் கோவிட் 19 நோய் உலகைச் சூழ்ந்தது. 2020 மார்ச் 11ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனம் அதனை உலகளாவிய கொள்ளைநோய் என அறிவித்தது. அந்த மாத இறுதியில் நாடு முழுதும் ஊரடங்கிற்று. பேருந்துகளும் ஆலைகளும் நின்றன. நோயோடு போராடும் மருத்துவமனை ஒன்றே நிற்க இயலாததாயிற்று.

சூலூரிலிருந்து திருச்சிச் சாலையில் மேற்கே சென்றால் ஒண்டிப்புதூரை அடுத்துச் சிங்காநல்லூர் வரும். அப்பகுதியில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை, கோவைக்கு மட்டுமின்றித் திருப்பூர், நீலகிரி மாவட்டத்தார்க்கும் உரிய கொரோனா மருத்துவமனையாக மாற்றப்பட்டது. முதல் அலை ஓய்ந்தது என்று மக்கள் மூச்சுவிட்ட வேளையில் 2021இல் இரண்டாம் அலை எழுந்தது. அவ்வாண்டு மே மாதக் கடைசி வாரத்தில் கோவை மாவட்டத்தில் ஒரு நாளைக்கு 4,000 பேருக்கு மேல் நோய் கண்டது. நாள் எண்ணிக்கையில் கோவை சென்னையையும் விஞ்சியது. மே 30ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் முழுக்கவச உடை அணிந்து அம்மருத்துவமனைக்குள் சென்று நோயாளிகளைக் கண்டார். அவ்வுடைக்குள் சிறிது நேரம் இருப்பதே எத்துணை அரிது என்பதை அன்று படங்களைப் பார்த்தவர்கள் ஒருவாறு உணர்ந்திருப்பர்.

அவ்வுடையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். காற்றுப் புகாத அங்கி, இரட்டைக் கையுறை, மூக்கையும் வாயையும் இறுக்கும் முகக்கவசம், அதன் மேல் கண்ணாடி, காலுறை. அணிந்த சிறிது நேரத்தில் வியர்வை பெருகும்; கண்ணாடி ஆவி படிந்து மங்கும். ஒருமுறை கழற்றினால் அதனை மீண்டும் அணிதல் ஆகாது. ஆதலின் பணி முடியும் வரை, பெரும்பாலும் ஆறு மணி நேரம், தண்ணீர் அருந்த முடியாது. கழிவறைக்குச் செல்ல முடியாது. பணிக்கு முன்பே நீர் அருந்துவதைக் குறைத்துக்கொண்டவர் பலர். கோவையின் வைகாசி வெயிலில் இது நிகழ்ந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவுப் பணியோ பகற்பணியினும் நீண்டது.

உடல் வருத்தத்தினும் கொடியது மற்றொன்று. தொற்றுக்கு அஞ்சி நோயாளியின் உறவினரை உள்ளே விடவில்லை. மகனும் மகளும் வாயிலுக்கு வெளியே நின்றனர். மருத்துவர் வந்து பார்த்துச் செல்வார். திட்டமான மருந்தோ அந்நாளில் இல்லை. நான்கு உறுப்புகளுள் இரண்டு இவ்வாறு குறைபட, எஞ்சிய பாரம் முழுதும் உழைச்செல்வார் தோள்மேல் இறங்கியது. உயிர்வளியின் அளவைப் பார்ப்பதும், நோயாளியைக் குப்புறத் திருப்பிப் படுக்க வைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், கைப்பேசியை அவர் காதருகே பிடித்து வீட்டார் குரலைக் கேட்பிப்பதும், அக்குரல் கேளாத நிலை வந்தபோது கண்ணை மூடிவிடுவதும் செவிலியர் பணியாயின. மகள் செய்ய வேண்டுவனவற்றை அயலார் மகள் செய்தாள். பணி முடிந்து வீடு திரும்பினால் அங்கும் அவளே சமைக்க வேண்டும். ஆனால் தன் குழந்தையைத் தொடுவதற்கு அஞ்ச வேண்டும்.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவியர் சிலர் செவிலியராயினர். அவர்களுள் ஒருத்தி, இரண்டாம் அலை தணிந்த பின்பு, தன் நிலையை என்னிடம் கூறினாள். முதல் சில நாட்களில் யாரேனும் இறந்தால் தனியிடம் தேடி அழுதாளாம். பிறகு அழுகை வரவில்லை. பின்னொரு நாள், முந்திய இரவு இறந்தவரைப் பெயர் சொல்லாமல் படுக்கை எண் சொல்லித் தான் குறிப்பிட்டதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாளாம். "ஐயா, நோய்க்கு நான் அஞ்சவில்லை. நான் கல்லாகிவிட்டேனோ என்றுதான் அஞ்சினேன்" என்றாள். இதனைச் சொல்லும்போதும் அவள் கண் கலங்கவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அவள் கல்லாகிவிடவில்லை. அவளுக்கு நேர்ந்ததற்கு அறிஞர் பெயர் வைத்திருக்கின்றனர். 1974இல் அமெரிக்க உளவியலறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் இதனைக் குறித்து எழுதினார். அவர் ஆண்ட ஆங்கிலச் சொல்லுக்கு எரிந்து தீர்தல் என்பது நேர்ப்பொருள். தமிழில் பணிச்சோர்வு என்கின்றனர். அச்சொல்லில் எனக்கு நிறைவில்லை. சோர்வு ஒரு நாள் உறங்கினால் நீங்கும். இஃது உறக்கத்தால் நீங்குவதன்று. எண்ணெய் வற்றிய அகலில் திரி தானே பற்றிக் கருகும் அன்றோ? அதுபோன்ற நிலை இது. திரி கருகல் என்றே யான் சொல்வேன். கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் மற்றோர் அறிஞர் இதற்கு மூன்று அடையாளங்களைக் காட்டினார். உள்ளம் முற்றும் வற்றிப்போதல் முதலாவது. பிறரை மனிதராகக் காணாமல் பொருளாகக் காணத் தொடங்குதல் இரண்டாவது. படுக்கை எண் நினைவுக்கு வருகிறது அன்றோ? தான் செய்வதால் பயன் ஒன்றுமில்லை என்று தோன்றுதல் மூன்றாவது.

பரிமேலழகரின் பட்டியலை இங்கே மீண்டும் நோக்குக. அன்பு, தூய்மை, செயல் வன்மை, அறிவு என்பது அவர் வைத்த முறை. திரி கருகுங்கால் முதலில் வற்றுவது முதலில் வைத்த அன்பே. செயலும் அறிவும் பின்னும் சில நாள் ஓடிக்கொண்டிருக்கும். ஊசி பிழையின்றிப் போடப்படும். குறிப்பேடு ஒழுங்காக எழுதப்படும். அதனால் மேலிருந்து பார்ப்பவர்க்குக் கேடு தெரிவதில்லை.

இவ்விடத்தில் ஒரு பழமொழியைச் சொல்லி நம்மை மறுப்பவர் உண்டு. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பர். அன்பு கொடுக்கக் கொடுக்கப் பெருகும். செவிலியர்க்குச் சோர்வு வருவது மனவலிமைக் குறைவால் என்பது அவர் கருத்து. இப்பழமொழியை மேடையில் சொல்வோர் கிணற்றில் இறைத்தவர் அல்லர். நம் ஊர்ப் பக்கத்தில் மின்விசை வருமுன் கவலை இறைத்தே தோட்டம் விளைந்தது. கவலை இறைத்த உழவன், எருதுகள் களைத்தால் அவற்றை அவிழ்த்து நிழலில் கட்டி, வேறு சோடி இருந்தால் அதனைப் பூட்டுவான். கோடையில் நீர் அடிமட்டத்துக்கு இறங்கினால் இறைப்பை நிறுத்தி, ஊற்றுக்குப் பொழுது கொடுப்பான். சேறு வரும் வரை இறைப்பவனை ஊரார் உழவன் என்று சொல்லமாட்டார்கள். இறைத்த கிணறு ஊறும் என்பது மெய். ஊறுவதற்கு இடைவேளை வேண்டும் என்பது அதனுள் அடங்கிய மெய். பழமொழியின் பாதியை மட்டும் எடுத்துச் செவிலியர் தலையில் வைப்பது முறையன்று.

2019இல் உலக நலவாழ்வு நிறுவனம், இச்சோர்வைத் தன் நோய்ப் பகுப்புப் பட்டியலில் சேர்த்தபோது, இதனை ஒரு நோய் என்று குறிக்கவில்லை. வேலையிடத்தில் ஓயாமல் நேரும் அழுத்தம் முறையாகக் கையாளப்படாமையால் விளைவது என்றே குறித்தது. குற்றம் எருதினது அன்று, பூட்டியவனது முறையில் உள்ளது என்பது இதனால் விளங்கும்.

நாம் செவிலியரைப் போற்றாமல் இல்லை. 2020 மார்ச் 22ஆம் நாள் மாலை வீட்டு வாயிலில் நின்று கைதட்டினோம். மே 3ஆம் நாள் வான்படையினர் பல மருத்துவமனைகள்மீது மலர் தூவினர். சூலூரில் வான்படைத் தளம் இருப்பதால் விமான ஒலி நமக்குப் பழகிய ஒன்று. அதிலிருந்து மலர் உதிரும் என்பது புதிய செய்தி. அதே மாதங்களில்தான் நாட்டின் பல ஊர்களில் மருத்துவரையும் செவிலியரையும் வாடகை வீட்டினின்று வெளியேறச் சொன்னவரும் இருந்தனர். அவர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2020 ஏப்பிரலில் நடுவண் அரசு அவசரச் சட்டமே இயற்ற வேண்டி வந்தது. 2021இல் கோவைப் பகுதியில் உள்ள ஒரு மடத்தில் கொரோனா தேவி என்று சிலை அமைத்து வழிபட்டதும் செய்தித்தாள்களில் வந்தது. நோயையும் தெய்வமாக்கினோம், நோயாளியைக் காத்தவளையும் தெய்வம் என்றோம். தெய்வத்துக்குப் பசியில்லை, உறக்கமில்லை, மாதச் சம்பளமும் இல்லை. புகழுரையில் இப்படியொரு வசதி இருக்கிறது!

பள்ளிப் புத்தகங்களில் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிறந்தவர். அவருடைய இருநூறாம் ஆண்டை ஒட்டி 2020ஆம் ஆண்டையே செவிலியர்க்கும் பேறுகாலத் தாதியர்க்கும் உரிய ஆண்டாக உலகம் கொண்டாட இருந்தது. கொண்டாட்டம் எவ்வாறு அமைந்தது என்பதை மேலே கண்டோம். கிரிமியப் போரில் அவர் விளக்கேந்தி இரவில் நோயாளிகளைப் பார்த்து வந்த செய்தியை எல்லாப் புத்தகமும் கூறும். புத்தகங்கள் விட்டுவிடும் செய்திகள் இரண்டு. போர்க்களத்தில் பற்றிய காய்ச்சலாலும் ஓயாத உழைப்பாலும் உடைந்த அவர், 1856இல் நாடு திரும்பிய பின் நெடுங்காலம் அறைக்குள்ளேயே நோயாளியாய்க் கிடந்தார். ஆனால் எழுதுகோலை விடவில்லை. மற்றொன்று, அவர் கணக்கில் வல்லவர். ஸ்கூட்டாரி மருத்துவமனையில் இறப்பு பெரிதும் குறைந்தது 1855 மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைச் செப்பனிட்ட பின்னரே என்பதை எண்களால் அறிந்து, வரைபடங்களாக வெளியிட்டார். விளக்கும் அன்பும் மட்டும் போதா. அமைப்புச் சீர்ப்பட வேண்டும் என்று விளக்கேந்தியவரே கண்டு சொன்னது இது.

செவிலியர் நிலைக்கும் எண்கள் உண்டு. 2002இல் லிண்டா ஐக்கன் என்பாரும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து முடிவு வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுந்தோறும், அறுவை மருத்துவம் பெற்றோர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், அச்செவிலி திரி கருகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடக் கண்டனர். எனவே செவிலியின் களைப்பு அவளது சொந்தத் துன்பத்தோடு முடிவதன்று. அடுத்த படுக்கையில் கிடக்கும் நம் தந்தையின் உயிரோடும் தொடர்புடையது. கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிக்கு மேல் ஆகாது என்று வரம்பு கட்டிற்று. 2004 முதல் அது நடைமுறையில் உள்ளது.

அயல்நாட்டுச் சட்டம் வரை போவானேன்? நம் ஊர் ஆலைக்குள்ளேயே நல்ல சட்டம் இருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டப்படி, ஓர் ஆலைத் தொழிலாளி அரை மணி நேர ஓய்வின்றி ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தல் கூடாது என்று இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரமே அச்சட்டம் கட்டிய வரம்பு. நூல் அறுந்தால் முடிச்சுப் போடலாம். ஆயினும் அறுந்த நூலை முடிபவனுக்கு அரை மணி ஓய்வு வேண்டும் என்று நாடு அன்றே ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் பிறந்தது. நோயுற்ற தொழிலாளிக்கு மருத்துவமும், வேலைக்கு வர இயலாத நாளுக்குக் கூலியில் ஒரு பங்கும் தருவது அதன் நோக்கம். தமிழ்நாட்டில் அத்திட்டம் முதன்முதல் தொடங்கியது நம் கோவையிலேதான். 1955 சனவரித் திங்களில். தொழிலாளியின் உடலுக்கும் ஓய்வு உரிமை உண்டு என்னும் கொள்கையின் பயனாக எழுந்தவையே இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள். அத்தகைய மருத்துவமனையில்தான், 2021இல், ஆறு மணி நேரம் நீரின்றி நின்றவர்களைக் கண்டோம். கொள்ளைநோய்க் காலத்தில் வேறு வழி இல்லை என்பர். வழியில்லாமற் போனது அந்த மாதத்தில். ஆள் குறைவாக இருந்ததோ அதற்கு முந்திய பல ஆண்டுகளில்.

அரசும் வாளா இருந்துவிடவில்லை. 2021 மே மாதத்தில், ஏப்பிரல் முதல் சூன் வரையான மூன்று மாதப் பணிக்கென மருத்துவர்க்கு 30,000 ரூபாயும் செவிலியர்க்கு 20,000 ரூபாயும் ஊக்கத்தொகை அறிவித்தது. ஒப்பந்தச் செவிலியருள் ஒரு பகுதியினரை நிலையான பணியிலும் அமர்த்தியது. இவை பாராட்டத்தக்கன. ஆனால் 2020இல் நோய்க்கால அவசரத்துக்கென ஒப்பந்த முறையில், மாதம் 14,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு எடுக்கப்பட்ட செவிலியருள் 2,400க்கும் மேற்பட்டோரின் பணி, 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு நீட்டிப்பின்றி முடிந்தது. 2023 சனவரியில் அவர்கள் தெருவில் அமர்ந்து போராடினர். மாற்று வேலை தருவதாக அரசு கூறியது. அவர்களுடைய கேள்வியோ எளியது: நோய் வந்தபோது வேண்டியிருந்த நாங்கள், நோய் போனபின் வேண்டாதவர் ஆனது எங்ஙனம்? திரி கருகலின் மூன்றாம் அடையாளத்தைச் சொன்னேன் அல்லவா? செய்ததால் பயன் என்ன என்னும் அவ்வெண்ணம் உள்ளத்திலேயே முளைக்க வேண்டும் என்பதில்லை. ஆணைத்தாளிலும் வந்து சேரும்.

செலவு மிகும் என்று கணக்கர் கூறுவர். கணக்கை முழுதாகப் போடட்டும். ஒரு செவிலியைப் பயிற்றுவிக்கப் பல ஆண்டு செல்கிறது. அவள் மனம் வெறுத்து வேலையை விட்டாலோ, வளைகுடா நாட்டுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றாலோ அப்பயிற்சி முழுதும் பிறர்க்குப் போகிறது. உலகெங்கும் 2023ஆம் ஆண்டு நிலவரப்படி 58 இலட்சம் செவிலியர் குறைவு என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. ஆதலின் அழைப்பவர் பலர். அவர்கள் ஓய்வு நேரத்தையும் எழுதியே அழைக்கின்றனர்.

யான் மேலே குறித்த மாணவி இன்னும் இங்கேதான் பணியாற்றுகிறாள். அண்மையில் அயல்நாட்டு மொழித் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். தமிழ்ப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள். ஆங்கிலம் எளிதில் வந்துவிடும். தேர்வு எப்போது என்று கேட்டேன். இரவுப் பணி குறைகிற மாதத்தில் எழுத வேண்டும் என்றாள். அப்படியொரு மாதம் இன்னும் வரவில்லை.